கசெட்டின் மற்றப் பக்கம்: யூரியா ஹீப்



போன ஜூலை முதலாம் திகதி சுபஹுத் தொழுதுவிட்டு, அப்படியே கடற்கரைக்குப் போய், சூரியன் வருவதை ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தேன். அதற்குக் கீழே ஒரு பாட்டின் இணைப்பையும் கொடுத்திருந்தேன். பாட்டு 'ஜூலை மோர்னிங்'. பாடியது யூரியா ஹீப் என்ற இங்கிலாந்துக் குழு. படத்துக்கு நிறைய லைக் வந்தது. பாட்டுக்கு மூன்று கேள்விகள்தான் வந்தன.

முதலாவது, வயல் செய்கிற நண்பர் ஒருவர். "சேர், யூரியா வந்திருக்கா? மூடை என்ன விலை?" 2021இல் பசளைக்குத் தடை போட்ட காலத்தில் அலைந்து திரிந்த மனிதர். அவர் கேட்டதில் பாதி பகிடி, பாதி உண்மை.

இரண்டாவது, என்னிடம் படித்த ஒரு பையன். இப்போது கொழும்பில் வேலை. கிற்றார் வாசிப்பான். "சேர், லெட் செப்பலின் தெரியும், டீப் பேர்ப்பிள் தெரியும், பிளாக் சப்பாத் தெரியும். இது யாரு?"

மூன்றாவது, இன்பொக்ஸில் ஒரு பெரியவர். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். "தம்பி, புள்ளைகளுக்குப் படிச்சிக் குடுக்கிற நீங்க இந்தச் சத்தத்தையெல்லாம் பகிரலாமா?"

மூவருக்கும் சேர்த்து ஒரு பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

பெரியவரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இசை பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு எனக்குத் தெரியும். அதில் தீர்ப்புச் சொல்கிற தகுதி எனக்கில்லை. கேட்பதில்லை என்று முடிவெடுத்தவர்களின் பேணுதலை மதிக்கிறேன், அவர்களை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் போனிலும் நம்மில் பெரும்பாலானோர் ஏதோவொன்றைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கேட்பது என்று ஆன பிறகு, எதைக் கேட்கிறோம், அதில் என்ன சொல்லப்படுகிறது என்று கதைத்துப் பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். 'சத்தம்' என்ற சொல்தான் கொஞ்சம் உறுத்தியது. ஐம்பது வருடத்துக்கு முன்பு இந்தக் குழுவுக்கு ஆங்கிலச் சஞ்சிகைகள் கொடுத்த பட்டமும் ஏறத்தாழ அதுதான்.

அடுத்தது பெயர். இதற்கும் பசளைக்கும் சம்பந்தமில்லை. சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'டேவிட் கொப்பர்பீல்ட்' நாவலில் வருகிற ஒரு எழுத்தரின் பெயர்தான் யூரியா ஹீப். வாயைத் திறந்தால் தான் எவ்வளவு பணிவானவன் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். உள்ளுக்குள் முதலாளியின் சொத்தை விழுங்கத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பான். 1970 டிக்கன்ஸ் இறந்து நூறு வருடம் நிறைவடைந்த ஆண்டு. அதையொட்டி லண்டனில் எங்கு பார்த்தாலும் டிக்கன்ஸின் பேச்சு. 'ஸ்பைஸ்' என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்த பையன்களுக்கு அவர்களுடைய முகாமையாளர் ஜெரி புரோன் இந்தப் பெயரைக் கொடுத்தார்.

1970இல் வந்த முதல் அல்பத்தின் பெயர் 'வெரி எவி, வெரி அம்பிள்'. 'ரொம்பக் கனம், ரொம்பப் பணிவு' என்று சொல்லலாம். இரண்டு சொல்லிலும் முன்னால் வரவேண்டிய 'ஹ' இல்லை. நாவலில் அந்த எழுத்தர் அப்படித்தான் 'ஹ'வை விழுங்கிப் பேசுவான். ஆங்கிலப் பாடம் எடுக்கிற எனக்கு இந்த ஒரு தலைப்பை வைத்தே ஒரு பாடவேளையை ஓட்டிவிடலாம்.

நான் இவர்களை இன்டர்நெட்டில் கண்டுபிடிக்கவில்லை. உயர்தரம் படிக்கிற காலத்தில் எங்கள் வீதியில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்த ஒரு காக்கா இருந்தார். எண்பதுகளில் குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். கடையில் ஒரு பெட்டி நிறையக் கசெட் இருக்கும். நாகூர் ஹனிபா, எம்.எஸ்.வி., பைலா, அரபுப் பாட்டு, எல்லாம் கலந்து கிடக்கும். அதற்குள் அட்டை மங்கிப்போன ஒரு ஆங்கிலக் கசெட். ஒரு பக்கம் டீப் பேர்ப்பிள், மறுபக்கம் யூரியா ஹீப். கடைக்கு வருகிற பெடியன்கள் எல்லாரும் முதல் பக்கத்தைத்தான் போடச் சொல்வார்கள். காக்கா என்னிடம் ஒரு நாள் சொன்னார்: "அந்தப் பக்கத்த எல்லாரும் கேக்கிறான் மனே. நீ மற்றப் பக்கத்தக் கேளு."

அன்றைக்குக் கேட்கத் தொடங்கியது.

இப்போது என் பழைய மாணவனின் கேள்விக்கு வருகிறேன். இது யாரு? ஏன் பெயர் தெரியவில்லை?

முதல் அல்பம் அமெரிக்காவுக்குப் போனபோது 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகையில் ஒரு விமர்சனம் வந்தது. இந்தக் குழு முன்னுக்கு வந்தால் தான் தற்கொலை செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்ற கருத்தில் அந்த விமர்சகர் எழுதியிருந்தார். ரொக் இசை வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படுகிற மோசமான விமர்சனங்களில் அதுவும் ஒன்று. அதன் பிறகு யூரியா ஹீப்பைக் கேலி செய்வது ஒரு வழக்கமாகிவிட்டது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு முதல் தவணையில் குறைந்த புள்ளி வந்தால், அடுத்த தவணை விடைத்தாளை எடுக்கும்போதே "ஓ, இவனா" என்ற எண்ணம் ஆசிரியருக்கு வந்துவிடும். நான் செய்யாத தப்பு என்று சொல்ல மாட்டேன். இந்தக் குழுவுக்கும் அதுதான் நடந்தது.

இரண்டாவது குற்றச்சாட்டு, டீப் பேர்ப்பிளின் கொப்பி என்பது. இரண்டு குழுவிலும் ஹமண்ட் ஒர்கன் முக்கியமான வாத்தியம் என்பது உண்மைதான். தேவாலயங்களில் வாசிக்கிற மாதிரியான அந்தப் பெரிய ஒர்கனின் சத்தத்தைக் கூட்டி, கரகரவென்று உறுமவைத்து, கிற்றாருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆனால் பேர்ப்பிளில் ஒர்கனும் கிற்றாரும் மாறி மாறிப் போட்டி போடும். யார் கெட்டிக்காரன் என்று பார்க்கிற விளையாட்டு அது. ஹீப்பில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சுவர் மாதிரி எழும்பும். முதல் அல்பத்தின் முதல் பாட்டு 'ஜிப்சி'யைக் கேட்டால் இந்த வித்தியாசம் உடனே விளங்கும்.

அந்தச் சுவருக்கு மேலே இவர்கள் வைத்தது குரல்களை. அதுதான் இவர்களுடைய சொந்தச் சொத்து. டேவிட் பைரன் முன்னால் நின்று பாடுவார். நாடக மேடைக்காரர் மாதிரி ஒரு குரல், கீழே முணுமுணுத்துத் தொடங்கி உச்சிவரைக்கும் போகும். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து, வெவ்வேறு சுருதியில், மிக உயரத்தில் பாடுவார்கள். நம்மூர் பக்கீர் பைத்தில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் றபானைத் தட்டிக்கொண்டு ஒரே மூச்சில் சேர்கிற இடம் இருக்கிறதே, அங்கே உடம்பில் ஒரு சிலிர்ப்பு வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கனமான ரொக் இசைக்கு மேலே கூட்டுக் குரல் என்றால் இன்றைக்கு எல்லாரும் குவீன் குழுவைத்தான் சொல்வார்கள். எனக்கும் குவீன் பிடிக்கும். ஆனால் குவீனின் முதல் அல்பம் 1973இல்தான் வந்தது. அதற்கு முன்பே யூரியா ஹீப் இந்த முறையில் ஐந்து அல்பங்கள் வெளியிட்டிருந்தது.

ஐந்து அல்பம், மூன்று வருடத்துக்குள். 1970இல் ஒன்று, 1971இல் 'சோல்ஸ்பரி', 'லுக் அட் யுவர்செல்ஃப்' என்று இரண்டு, 1972இல் 'டீமன்ஸ் அண்ட் விசார்ட்ஸ்', 'த மெஜிசியன்ஸ் பேர்த்டே' என்று இரண்டு. நிறையப் பாட்டுகளை எழுதியது கென் ஹென்ஸ்லி. ஒர்கன் வாசித்ததும் அவர்தான், கிற்றாரும் வாசிப்பார், பாடவும் செய்வார். முன்னால் நின்ற பைரனைத் தெரிந்த அளவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இவரை வெளியுலகத்துக்குத் தெரியாது.

'சோல்ஸ்பரி' அல்பத்தின் தலைப்புப் பாட்டு 16 நிமிடம். 24 பேர் கொண்ட வாத்தியக் குழுவைச் சேர்த்து வாசித்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது இருபத்தைந்தைச் சுற்றித்தான். எல்லா இடமும் சரியாக அமைந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் தையல் தெரியும். ஆனாலும் இரண்டாவது அல்பத்திலேயே அப்படி ஒன்றைச் செய்து பார்க்கிற துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

'லுக் அட் யுவர்செல்ஃப்' என்றால் 'உன்னையே பார்' என்று அர்த்தம். முதலில் வந்த இசைத்தட்டின் அட்டையில் கண்ணாடி மாதிரியான தாளை ஒட்டியிருந்தார்கள். வாங்குகிறவன் தன்னுடைய முகத்தையே பார்ப்பான். தலைப்புப் பாட்டின் கடைசியில் திடீரென்று ஆபிரிக்கத் தாளம் ஒன்று சேர்ந்து ஓடும். லண்டனிலிருந்து இயங்கிய ஒசிபிசா குழுவின் கலைஞர்கள் மூவர் வந்து வாசித்தது அது. அதே அல்பத்தில்தான் 'ஜூலை மோர்னிங்' இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் போகிற பாட்டு. அன்பைத் தேடி ஒரு ஜூலை மாதக் காலையில் புறப்படுகிற ஒருவனின் கதை, அவ்வளவுதான். ஒர்கன் மெதுவாகத் தொடங்கும். பைரன் தாழ்ந்த குரலில் கதைப்பது மாதிரிப் பாடுவார். பிறகு கூட்டுக் குரல்கள் அலை மாதிரி வரும், போகும். கடைசிச் சில நிமிடங்களில் சொற்கள் முடிந்து, ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்க, அதற்கு மேலே மூக் சிந்தசைசர் ஒன்று பறவை மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். அதை வாசித்தது மான்பிரட் மான். அந்த வாத்தியம் அப்போதுதான் ரொக் இசைக்குள் வந்துகொண்டிருந்தது.

'டீமன்ஸ் அண்ட் விசார்ட்ஸ்' என்ற பெயரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 'பேய்களும் மந்திரவாதிகளும்' என்றதும் சிஹ்ர் சம்பந்தப்பட்டது என்று நினைத்துவிடுவோம். பாட்டுகளைக் கேட்டால் நாம் சின்ன வயதில் கேட்ட அரசன் கதை, பூதக் கதை மாதிரியான உலகம்தான். முதல் பாட்டில் வருகிற மந்திரவாதி ஒரு வழிப்போக்கர். அவர் வந்து சொல்வது சமாதானத்தைப் பற்றி. இந்த அல்பத்தில் இரண்டு புதியவர்கள் சேர்ந்திருந்தார்கள்: டிரம்ஸ் வாசித்த லீ கெர்ஸ்லேக், பேஸ் கிற்றார் வாசித்த நியூசிலாந்துக்காரர் கெரி தெய்ன். பேஸ் என்பது பெரும்பாலும் பின்னால் கிடக்கிற வாத்தியம். தெய்ன் வாசித்தால் அது தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அவருடைய வாசிப்பை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அமெரிக்காவில் இவர்களுக்கு ஓரளவு பேர் வாங்கிக் கொடுத்த 'ஈஸி லிவின்' இந்த அல்பத்தில்தான் வந்தது. மூன்று நிமிடம்கூட இல்லை. வந்து அடித்துவிட்டுப் போய்விடும்.

அடுத்த அல்பத்தில் 'ரெயின்' என்று ஒரு பாட்டு. பியானோ, பைரனின் குரல். டிரம்ஸ் இல்லை, உறுமுகிற கிற்றாரும் இல்லை. 'வெறும் சத்தம்' என்று சொன்ன பெரியவருக்கு இந்தப் பாட்டை அனுப்பத்தான் முதலில் நினைத்தேன்.

பிறகு வேறு இரண்டு பாட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன.

ஒன்று 'கம் அவே மெலிண்டா'. இவர்கள் எழுதியதில்லை, ஏற்கெனவே பலர் பாடிய பாட்டு. போருக்குப் பிறகு உயிர் தப்பிய ஒரு வாப்பாவும் சின்ன மகளும் கதைக்கிறார்கள். மகள் ஒரு படப் புத்தகத்தைக் கண்டெடுத்துக் கொண்டு வருகிறாள். அதில் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வீடுகள் இருக்கின்றன, உம்மாமார் இருக்கிறார்கள். இதெல்லாம் ஏன் இப்போது இல்லை என்று கேட்கிறாள். வாப்பாவிடம் அவளைத் திருப்திப்படுத்துகிற பதில் இல்லை. கதவை மூடிவிட்டு உள்ளே வா என்கிறார். சத்தம் என்று கேலி செய்யப்பட்டதே அந்த முதல் அல்பம், அதில்தான் இது இருக்கிறது.

மற்றது 'லேடி இன் பிளாக்'. 'சோல்ஸ்பரி'யில் வந்தது. ஹென்ஸ்லி எழுதி அவரே பாடியது. போரில் எல்லாம் அழிந்த ஒரு குளிர்காலக் காலையில் தனியாக நிற்கிற ஒருவனிடம் கறுப்பு உடுத்த ஒரு பெண் வருகிறாள். எதிரிகளை மிதித்துக் கொல்லக் குதிரைகள் தா என்று அவளிடம் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். கொலைவெறி மனிதனை மிருகமாக்கும், தொடங்குவது சுலபம், முடிப்பதுதான் கஷ்டம் என்ற கருத்தில் அவனோடு கதைக்கிறாள். அவன் ஆயுதத்தை மறந்து ஆறுதலடைகிறான்.

இந்தப் பாட்டில் மொத்தம் இரண்டே இரண்டு கோர்ட்ஸ்தான். கிற்றார் பழகத் தொடங்கிய பிள்ளை முதல் வாரத்திலேயே வாசித்துவிடலாம். கோரஸில் சொற்களே இல்லை, 'ஆ... ஆ...' என்று எல்லாரும் சேர்ந்து இழுப்பது மட்டும்தான். விமர்சகர்கள் இதைத்தான் எளிமை, குழந்தைத்தனம் என்று கேலி செய்தார்கள். ஆனால் சொல் இல்லாத கோரஸைப் பாட ஆங்கிலம் தெரியத் தேவையில்லை. 1971இல் வந்த இந்தப் பாட்டு ஆறு வருடம் கழித்து, 1977இல், ஜெர்மனியில் பெரிய வெற்றி பெற்றது. இரண்டு உலகப் போரைப் பார்த்த நாடு அது. காரணம் வேறாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கடைக்காரக் காக்காவுக்கும் இந்தப் பாட்டுத்தான். மற்றப் பாட்டுகளை ஓடவிடுவார். இது முடிந்தால் மட்டும் ரிவைண்ட் செய்து இன்னொரு தரம் போடுவார். ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டு அவருடைய வீட்டில் என்ன நடந்தது என்று எங்கள் ஊருக்குத் தெரியும். அப்போது எனக்கு அந்தப் பாட்டின் ஆங்கிலம் முழுதாக விளங்காது. அவருடைய முகத்தைப் பார்த்து ஏதோ கொஞ்சம் விளங்கியது. சில வருடங்களுக்குப் பிறகு ஆசிரியர் கலாசாலை விடுதியில் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக விளங்கிக்கொண்ட இரவில்தான் அவர் ஏன் ரிவைண்ட் செய்தார் என்று எனக்குப் பட்டது. போரைப் பற்றி நம் பக்கத்து மக்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனால் பழிவாங்கக் குதிரை கேட்கிற ஒருவனிடம், வேண்டாம் என்று ஒரு தாய் மாதிரிச் சொல்கிற குரல் எங்கிருந்து வந்தாலும் அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

புகழ்ந்துகொண்டே போனால் இது நேர்மையான பதிவாக இருக்காது. இந்தக் குழு சீரழிந்த கதையும் இருக்கிறது. ஓயாமல் அல்பம், ஓயாமல் பயணம். 1974 செப்டெம்பரில் அமெரிக்காவின் டலஸ் நகரில் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது கெரி தெய்னுக்கு மின்சாரம் தாக்கியது. அதன் பிறகு அவர் பழைய ஆளாக எழும்பவில்லை. குழுவிலிருந்தும் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் போதைப்பொருளால் இறந்தார். வயது 27. பைரனின் பிரச்சினை குடி. 1976இல் அவரை வெளியேற்றினார்கள். 1985இல் அவரும் போனார். வயது 38. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் இதை வாசித்தால் இந்த இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். அவ்வளவு திறமையும் அந்தப் பழக்கத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

இசையும் தளர்ந்தது. 1980இல் வந்த 'கொன்குவெஸ்ட்' அல்பத்தை நானே இரண்டாம் தரம் முழுதாகக் கேட்டதில்லை. அதே ஆண்டு ஹென்ஸ்லியும் விலகினார். கடைசியில் தொடக்க காலத்தவர்களில் மிஞ்சியது ஒரே ஒரு ஆள், கிற்றார் வாசித்த மிக் பொக்ஸ். கையில் இருந்தது பெயர் மட்டும்தான். வேறொருவர் என்றால் கடையைச் சாத்தியிருப்பார். அவர் ஆட்களைத் தேடிச் சேர்த்தார், கெர்ஸ்லேக்கைத் திரும்பக் கூட்டி வந்தார், 1982இல் ஒரு அல்பத்தோடு எழும்பினார். 1986இல் சேர்ந்த பாடகர் பேர்னி ஷோவும் கீபோர்ட் வாசிக்கிற பில் லான்சனும் இன்றைக்கும் அவரோடு இருக்கிறார்கள். நட்சத்திரமாக இருந்த பைரனின் காலத்தைவிட ஷோ பாடிய காலம் பல மடங்கு நீண்டுவிட்டது. 2023இல் வந்தது குழுவின் 25ஆவது ஸ்டூடியோ அல்பம்.

1987 டிசம்பரில் இவர்கள் மொஸ்கோவுக்குப் போனார்கள். கோர்பச்சேவின் காலம், கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்த நேரம். மேற்கிலிருந்து ஒரு ரொக் குழு அங்கே போய் அவ்வளவு பெரிய அரங்கில் வாசிப்பது அப்போது மிகவும் அரிது. ஒலிம்பிக் அரங்கில் பத்து இரவுகள். மொத்தம் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் பேர் வந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. லண்டனிலும் நியூயோர்க்கிலும் இவர்களை மறந்துபோயிருந்த காலம் அது. அங்கே மட்டும் எப்படி இவ்வளவு கூட்டம்? அந்த நாட்டில் மேற்கத்தைய இசைத்தட்டு கடையில் சும்மா கிடைக்காது. ஒருவனிடம் இருப்பதை இன்னொருவன் டேப்பில் பிரதி எடுப்பான், அதிலிருந்து இன்னொருவன். விமர்சனம் எழுதிய சஞ்சிகை அவர்கள் கைக்குப் போகவில்லை, பாட்டு மட்டும்தான் போனது. புள்ளி எத்தனை என்று தெரியாமலேயே கேட்டார்கள்.

பல்கேரியாவில் நடப்பது இதைவிட ஆச்சரியம். அங்கே கம்யூனிச ஆட்சி இருந்த எண்பதுகளில் இளைஞர்கள் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்கள். ஜூன் 30ஆம் திகதி இரவு கருங்கடல் கரைக்குப் போய் விடியும்வரை விழித்திருந்து, ஜூலை முதலாம் திகதிச் சூரியன் கடலிலிருந்து வருவதைப் பார்ப்பது. அந்தப் பழக்கத்துக்குப் பெயரே 'ஜூலை மோர்னிங்'. யூரியா ஹீப்பின் பாட்டிலிருந்து வந்த பெயர். ஆட்சி மாறியது, தலைமுறை மாறியது, பழக்கம் நிற்கவில்லை. இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். பைரனுக்குப் பிறகு சில வருடங்கள் இந்தக் குழுவில் பாடிய ஜோன் லோட்டன் பிற்காலத்தில் அந்தக் கரைக்கே போய், சூரியன் வருகிற நேரத்தில் அந்தப் பாட்டைப் பாடுவார். அவர் இறந்தது 2021 ஜூன் 29. அந்த இரவுக்கு முந்திய நாள்.

அமெரிக்காவில் 'ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் பேம்' என்று ஒரு கௌரவிப்பு இருக்கிறது. டீப் பேர்ப்பிளையே 2016 வரைக்கும் காத்திருக்க வைத்தார்கள். யூரியா ஹீப்பை இன்னும் சேர்க்கவில்லை. ரசிகர்கள் சிலர் இதற்காகக் கோபப்படுவார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு பாட்டுக்காக ஒரு நாட்டு மக்கள் வருடா வருடம் விடிய விடியக் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கௌரவிப்பை யாரும் குழு போட்டுக் கொடுக்க முடியாது.

நான் ஜூலை முதலாம் திகதி கடற்கரைக்குப் போனது அதனால்தான். கிழக்குக் கரையில் இருக்கிற நமக்கு இந்தக் காட்சி ஒவ்வொரு நாளும் இலவசம். சுபஹுக்கு எழும்புகிற பழக்கமும் இருக்கிறது. சூரியன் எழும்புவதைப் பார்த்து "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, எங்கோ கருங்கடல் கரையில் இன்னும் இருட்டில் காத்திருக்கிறவர்களை நினைத்துக்கொண்டேன். நமக்குப் பிறகுதான் அவர்களுக்கு விடியும்.

ஆக, என் பதில்கள்.

வயல்கார நண்பருக்கு: மூடை விலை தெரியாது மச்சான், கமநல நிலையத்தில் கேளுங்கள்.

என் மாணவனுக்கு: 'லேடி இன் பிளாக்', பிறகு 'ஈஸி லிவின்', பிறகு 'ஜூலை மோர்னிங்'. இந்த ஒழுங்கில் கேள். கேட்டு முடியும்வரை யார் என்ன புள்ளி போட்டார்கள் என்று தேடிப் பார்க்காதே. பிடிக்கவில்லை என்றால் வந்து சொல், சண்டை பிடிக்க மாட்டேன்.

பெரியவருக்கு: நீங்கள் கேட்டது என் மீதுள்ள அக்கறையால் என்று தெரியும், ஜஸாகல்லாஹ் ஹைர். பாட்டைக் கேட்க வேண்டாம். அந்தக் கறுப்பு உடுத்த பெண் சொன்னதை மட்டும் நான் எழுதியிருக்கிற தமிழில் ஒரு தரம் வாசியுங்கள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைக்காரக் காக்கா இப்போது நம்மோடு இல்லை. அல்லாஹ் அவருக்கு ஜன்னத்துல் பிர்தௌஸைக் கொடுப்பானாக. கடையைக் காலி செய்தபோது அந்தக் கசெட்டை அவருடைய மகன் எனக்குத் தந்தார். ஒரு பக்கம் இன்னும் தெளிவாக ஓடும். மற்றப் பக்கத்தில் ஒரு பாட்டின் இடத்தில் மட்டும் டேப் தேய்ந்து, குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது மாதிரி இருக்கிறது. எந்தப் பாட்டு என்று நான் சொல்லத் தேவையில்லை.